வீட்டுக் கராஜில் ஹொயிஸ்ட்: வாகனத்தைத் தாங்குவது எது?

"எத்தனை டன் தூக்கும்?" வாகனத்தைத் தூக்கி நிறுத்தும் ஹொயிஸ்டை வீட்டுக்கு வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து விலை கேட்பார்கள். "எங்கள் வீட்டுத் தரை தாங்குமா?" என்று கேட்டவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஹட்டன் பக்கத்தில் பதினெட்டு வருடமாக வாகனம் திருத்துகிறேன். அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டியது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தையே பேணிக் காக்க வேண்டியிருந்தது. ஒயில் மாற்றுவது, பிரேக் பேட் போடுவது எல்லாம் வீட்டிலேயே செய்யப் பலர் பழகிவிட்டார்கள். ஜெக் வைத்துத் தூக்கி, ஈரத் தரையில் அட்டையை விரித்து, முதுகு குளிரப் படுத்து வேலை செய்தவருக்கு, நின்றபடி வேலை செய்ய ஆசை வருவது நியாயம். ஆனால் ஹொயிஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பதில் நம் பக்கம் நிறைய குழப்பம் இருக்கிறது. அடியிலிருந்து பார்ப்போம்.

சலூன் நாற்காலியும் இரண்டு சிரிஞ்சும்

சலூனில் உட்கார்ந்ததும் முடி வெட்டுகிறவர் காலால் ஒரு மிதியை நாலு தடவை அமுக்குவார். நாம் நாற்காலியோடு மேலே போவோம். நம் எடையை அவர் கால் தூக்கவில்லை. அவர் தள்ளிய எண்ணெய் தூக்குகிறது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்பவர் 1925இல் வாகனத்துக்கான முதல் ஹைட்ரோலிக் லிஃப்டை உருவாக்கினார். அந்த யோசனை அவருக்குச் சலூன் நாற்காலியில் இருக்கும்போதுதான் வந்தது என்று சொல்வார்கள்.

ஹைட்ரோலிக் என்றால் அடைத்து வைத்த திரவத்தைத் தள்ளி வேலை வாங்குவது. பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன சிரிஞ்சையும் ஒரு பெரிய சிரிஞ்சையும் குழாயால் இணைத்துப் பார்த்திருப்பீர்கள். சின்னதை அமுக்கினால் பெரியது எழும்பும். பெரியதன் வாய் சின்னதைவிட 25 மடங்கு பரப்பு என்றால், 4 கிலோ அமுக்கத்தில் 100 கிலோ எழும்பும். அதற்கு ஒரு விலை உண்டு: சின்னதை 25 சென்ரிமீற்றர் தள்ளினால்தான் பெரியது 1 சென்ரிமீற்றர் உயரும். ஹொயிஸ்டில் சின்ன சிரிஞ்சின் வேலையை மோட்டார் பூட்டிய பம்ப் விடாமல் செய்கிறது. பெரிய சிரிஞ்சின் பெயர் சிலிண்டர்.

தூக்குவது ஒன்று, தாங்குவது வேறு

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. எண்ணெய் தூக்குகிறது, அதனால் எண்ணெயே பிடித்துக்கொண்டும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். சலூன் நாற்காலி பழசானால் உட்கார்ந்திருக்கும்போதே மெதுவாக இறங்கும், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. நாற்காலி இறங்கினால் சிரித்துவிட்டுப் போகலாம். வேனுக்கு அடியில் நிற்கும்போது அது நடக்கக் கூடாது.

அதற்காகத்தான் ஹொயிஸ்டில் இரும்புப் பூட்டு இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது கிரிக் கிரிக் என்று ஒரு சத்தம் வருமே, அதே மாதிரி அமைப்பு. மேலே போகும்போது பல் பல்லாகத் தாண்டிப் போகும். கீழே வர விடாது. ஹொயிஸ்டின் தூணுக்குள் சில அங்குலத்துக்கு ஒன்றாக இந்தப் பற்கள் இருக்கும். தூக்கும்போது டக், டக் என்று கேட்பது இதுதான். வேண்டிய உயரம் வந்ததும் இறக்கும் வால்வைக் கொஞ்சம் திறந்து, வாகனத்தை அந்தப் பல்லின் மேல் உட்கார வைக்க வேண்டும். அப்போது பாரம் எண்ணெயை விட்டு இரும்புக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எண்ணெய் ஓடும் ஹோஸ் வெடித்தாலும், சீல் என்கிற அந்த ரப்பர் வளையம் போனாலும் வாகனம் இருந்த இடத்திலேயே இருக்கும். பூட்டில் உட்கார வைக்காமல் வாகனத்துக்கு அடியில் தலையை நீட்டுகிறவரை யாராக இருந்தாலும் நான் வெளியே கூப்பிட்டுவிடுவேன்.

இன்னொரு பாகம், சமப்படுத்தும் கேபிள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் உயர வேண்டும் என்பதற்காக இரண்டு தூண்களுக்கும் நடுவே ஓடும் எஃகு வடம் அது. ஒரு பக்கம் முந்தினால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். வடம் தளர்ந்தால் ஒரு பக்கத்துப் பூட்டு முன்னும் மற்றது பின்னுமாக விழும். டக் சத்தம் இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்கவில்லை என்றால் வடத்தைச் சரிசெய்யும் நேரம் வந்துவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எண்ணெய் தூக்கும், பூட்டு தாங்கும், வடம் சமமாக வைத்திருக்கும். பூட்டு எதன் மேல் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்கு முன் ஹொயிஸ்டின் வகைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

இரண்டு கால், நான்கு கால், கத்தரி

பெரிய கராஜ்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு தூண் ஹொயிஸ்ட். ஒவ்வொரு தூணிலிருந்தும் இரண்டு கைகள் நீண்டு வாகனத்தின் வயிற்றுக்கு அடியில் போய்ப் பிடிக்கும். நான்கு சக்கரமும் காற்றில் தொங்கும். பிரேக், ஷாக், கியர்பொக்ஸ் எதை வேண்டுமானாலும் கழற்றலாம். வேலைக்கு இதுதான் சிறந்தது. தரையிடம் அதிகம் கேட்பதும் இதுதான்.

நான்கு தூண் வகையில் வாகனம் இரண்டு தண்டவாளத்தின் மேல் சக்கரத்தோடு ஏறி நிற்கும். பாரம் நாலு மூலையிலும் நேராகக் கீழே இறங்கும். ஒயில் மாற்ற, சைலன்சர் பார்க்க, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வாகனம் நிறுத்த நல்லது. சக்கரம் கழற்ற மட்டும் தனியாக ஒரு ஜெக் வேண்டும்.

கத்தரி வகை, பெயர் சொல்வது மாதிரி, குறுக்கும் மறுக்குமான இரும்புச் சட்டங்கள் மடங்கி விரிந்து தூக்குவது. வீட்டுக்கு வருபவை பொதுவாக இடுப்பு உயரம், அதற்குக் கொஞ்சம் மேல் வரை தூக்கும். நடுவில் சட்டங்கள் மறைப்பதால் கியர்பொக்ஸ் வேலை சிரமம். டயர், பிரேக், பக்கவாட்டு வேலைகளுக்குப் போதும். கூரை தாழ்வாக இருக்கும் நம் வீடுகளில், வாரக் கடைசியில் மட்டும் கை வைக்கிறவருக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

குழி வெட்டி அதற்குள் இறங்கி வேலை செய்வது பழைய முறை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் போய்த் தேங்கும். மழைக்காலத்தில் ஊற்றும் பிடிக்கும். வீட்டில் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நீட்டிய கையில் தண்ணீர் வாளி

ஒரு வாளி தண்ணீரைக் கையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பாருங்கள். பிறகு அதே வாளியைக் கையை முன்னால் நீட்டிப் பிடியுங்கள். தண்ணீர் கூடவில்லை. ஆனால் உடம்பு முன்னால் சாயும், குதிகால் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். இரண்டு தூண் ஹொயிஸ்டின் ஒவ்வொரு தூணும் இப்படித்தான் கையை நீட்டி நிற்கிறது. தூண் உள்பக்கம் சாயப் பார்க்கும். அதன் அடித்தகட்டின் வெளிப்பக்கம், அதாவது குதிகால், எழும்பப் பார்க்கும்.

ஒரு கணக்குப் போடலாம். 1,200 கிலோ கார் என்றால் ஒரு தூணுக்கு 600 கிலோ. அடித்தகட்டின் உள்விளிம்பிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி அந்தப் பாரம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கப் போல்ட்கள் அதே விளிம்பிலிருந்து 38 சென்ரிமீற்றரில் இருக்கின்றன. தராசுக் கணக்குதான்: 600ஐ 60ஆல் பெருக்கி 38ஆல் வகுத்தால், வெளிப்பக்கப் போல்ட்கள் சேர்ந்து 950 கிலோ அளவுக்கு மேல்நோக்கி இழுபடுகின்றன. ஒரு நடுத்தரக் காருக்கே இது. பெரிய வேன் என்றால் இன்னும் கூடும்.

இந்தப் போல்ட்களுக்கு ஆங்கர் போல்ட் என்று பெயர். சுவரில் கடிகாரம் மாட்ட ரோல் பிளக் அடிக்கிறோமே, அதன் பெரியண்ணன். துளைக்குள் இறக்கி முறுக்கும்போது நுனியில் இருக்கும் கூம்பு மேலே ஏறி, சுற்றியிருக்கும் வளையத்தை விரித்து, கொங்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். கொங்கிரீட் நன்றாக இருந்தால்தான் இது நடக்கும். மெல்லிய பூச்சில் அடித்த ரோல் பிளக் சுண்ணாம்போடு பெயர்ந்து கையில் வந்த அனுபவம் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

சுருக்கமாக: இரண்டு தூண் ஹொயிஸ்டில் பாரம் கீழே மட்டும் அமுக்குவதில்லை, போல்ட்டை மேலே பிடுங்கவும் பார்க்கிறது. எனவே போல்ட்டைவிட முக்கியம் அது பிடித்திருக்கும் கொங்கிரீட். அதைவிட முக்கியம் கொங்கிரீட்டுக்குக் கீழே இருக்கும் மண்.

நம் வீட்டுத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

சமதரை ஊர்க்காரர்களுக்கு எழுதியதென்றால் இந்தப் பகுதியை நாலு வரியில் முடித்திருப்பேன். நமக்கு அப்படி முடியாது. மலையில் வீடு கட்ட முதலில் மேட்டை வெட்டுகிறோம். வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, கல்லுக்கட்டு ஒன்று எழுப்பி, மட்டம் ஆக்குகிறோம். முடிவில் ஒரே முற்றம் மாதிரித் தெரியும். உண்மையில் அது இரண்டு நிலம். மேட்டுப் பக்கம் இருப்பது வெட்டு நிலம், காலம் காலமாக இறுகிக் கிடந்த மண். பள்ளத்துப் பக்கம் இருப்பது நிரப்பு நிலம், நாம் கொண்டுபோய்க் கொட்டியது. நிரப்பிய மண்ணை அரையடிக்கு ஒரு தடவை பரப்பி, இயந்திரத்தால் இடித்து இறுக்கியிருந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் கொட்டிவிட்டு இரண்டு மழைக்கு விட்டிருப்பார்கள். மழையில் கொஞ்சம் அடங்கும், மீதி வருடக்கணக்கில் அடங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த முற்றத்தில் ஹொயிஸ்டின் ஒரு தூண் வெட்டு நிலத்திலும் மற்றது நிரப்பு நிலத்திலும் நின்றால் என்ன ஆகும்? ஒன்று அசையாது, மற்றது மழைக்கு மழை தாழும். அரை அங்குலம் தாழ்ந்தாலும் தலை உயரத்தில் அது பெரிய சாய்வாகத் தெரியும். கராஜ் சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு, கல்லுக்கட்டில் வயிறு தள்ளல், கதவு ஒரு மூலையில் இடித்தல் இருந்தால் உங்கள் நிரப்பு நிலம் இன்னும் அடங்கவில்லை.

போன வருடம் கொட்டகலையில் இருக்கும் ஓர் அண்ணன் தன் டவுன்ஏஸ் வேனுக்காக இரண்டு தூண் ஹொயிஸ்ட் ஒன்றுக்கு முற்பணம் கட்டிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். விற்றவர், "சீமெந்துத் தரைதானே, போல்ட் அடிச்சாப் போதும்" என்று சொல்லியிருந்தார். தரை கண்ணாடி மாதிரி இருந்தது, சிவப்பு பொலிஷ் போட்டது. மூலையில் ஒரு துளை போட்டுப் பார்க்கலாம் என்றேன். இரண்டரை அங்குலம் வரை டிரில் முனகிக்கொண்டு போனது. பிறகு கை சட்டென்று முன்னால் போனது. கம்பியை விட்டுப் பார்த்தோம். ஒரு விரல் கடை வெற்றிடம், அதற்குக் கீழே ஈரமான தளர்ந்த மண். மண் அடங்கிப் போயிருந்தது, தரை மட்டும் பலகை மாதிரி அந்தரத்தில் நின்றது. அண்ணன் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுத் தரை கெட்ட தரை என்று நான் சொல்லவில்லை. அது மனிதர் நடக்கவும் வாகனம் நிற்கவும் போட்டது. மேசன் பாஸ்மார் பெரும்பாலும் மூன்று அங்குலத்துக்கு மெலிந்த கலவை போட்டு, மேலே சீமெந்து பூசி முடிப்பார்கள். ஹொயிஸ்ட் தயாரிப்பாளர்கள் கேட்பது வேறு. இரண்டு தூண் ஹொயிஸ்டுக்குப் பல கையேடுகளில் இருக்கும் குறைந்தபட்ச அளவு, 4 அங்குலக் கனமும் 3,000 பி.எஸ்.ஐ. வலுவும் உள்ள கொங்கிரீட். பாரம் கூடியவற்றுக்கு 6 அங்குலம் கேட்பார்கள். பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இறாத்தல் அமுக்கினால் நொறுங்கும் என்ற கணக்கு. கடையில் கலந்து லொறியில் வரும் கிரேட் 25 கொங்கிரீட் அந்த அளவுக்குச் சரியாக வரும். நம் பாதைகளில் அந்த லொறி ஏறாத இடமே அதிகம். கையால் கலப்பதானால் விகிதத்தைப் பொறியியலாளர் சொல்லட்டும். சீமெந்து, மணல், கல் 1:2:4 என்ற வழக்கமான கலவையை இதற்கு நம்ப வேண்டாம். பூச்சும் டைலும் கனத்தில் சேராது. வெடிப்புக்கோ தரையின் விளிம்புக்கோ அருகில் போல்ட் போடக் கூடாது.

போட்ட கொங்கிரீட்டை ஒரு வாரம் சாக்கு போட்டு நனைத்து, 28 நாள் கழித்துத்தான் துளை போட வேண்டும். குளிரில் கொங்கிரீட் வலுப்பெறுவது மெதுவாகத்தான் நடக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரிப் பனியில் போட்டால் பாஸ் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

இன்னொரு வகை வீடு நம்மிடம் உண்டு. பாதை மேலே, வீடு கீழே. பாதை மட்டத்தில் கராஜ். அதன் தரையே கீழ் அறைக்குக் கூரை. அந்தத் தட்டில் இரண்டு தூண் ஹொயிஸ்ட் போட நினைத்தால் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். அந்தத் தட்டு நிற்கும் வாகனத்துக்குக் கணக்குப் போட்டது. இரண்டே இடத்தில் மொத்தப் பாரமும் இறங்கி, கூடவே போல்ட் பிடுங்குவதற்கும் அது கணக்குப் போடப்படவில்லை. கீழே பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

புதிதாக மேட்டை வெட்டி கராஜ் கட்டுகிறவர்கள் வெட்டுவதற்கு முன் பிரதேச சபையில் கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்கப்படும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரைத் தண்ணீரும் மேட்டுத் தண்ணீரும் கராஜுக்கு அடியில் இறங்காமல் கானில் போய்ச் சேர வேண்டும். ஹொயிஸ்ட் நிற்கும் தரைக்கு இது போல்ட் அளவுக்கு முக்கியம்.

மண் விஷயம் இவ்வளவுதான்: இரண்டு தூணும் வெட்டு நிலத்தில் நிற்க வேண்டும், தரையைத் துளையிட்டுப் பார்க்காமல் ஹொயிஸ்டுக்குப் பணம் கட்டக் கூடாது.

டன் கணக்கும் உயரக் கணக்கும்

இப்போது "எத்தனை டன்" கேள்விக்கு வரலாம். 4 டன் ஹொயிஸ்ட் என்றால் நான்கு கைக்கும் சேர்த்து 4 டன். ஒரு கைக்கு 1 டன். எஞ்சின் முன்னால் இருக்கும் காரில் முன்கைகளுக்குப் பாரம் கூடுதலாக வரும். 1,200 கிலோ காரில் 60 வீதம் முன்னால் என்றால், ஒரு முன்கைக்கு 360 கிலோ. எனவே கார், வேன், ஹைலக்ஸ் வரைக்கும் 4 டன் தாராளம். கூடுதல் டன் வாங்கினால் கைகளும் பெரிதாக இருக்கும், அது சின்னக் கார்களுக்கு இடைஞ்சல். ஜப்பான் வேகன் ஆர் ஒன்றின் அகலம் 1.475 மீற்றர்தான். கையை முழுக்க மடக்கினாலும் தூக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும் ஹொயிஸ்ட்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் கை எவ்வளவு நீளும் என்பதோடு எவ்வளவு சுருங்கும் என்றும் கேளுங்கள்.

உயரத்துக்குக் கழித்தல் கணக்கு போதும். கூரையின் மிகத் தாழ்ந்த மரத்திலிருந்து தரை வரை அளந்து, அதில் வாகனத்தின் உயரத்தையும் அரை அடி இடைவெளியையும் கழியுங்கள். மீதிதான் நீங்கள் தூக்கக்கூடிய உயரம். ஆறடி மனிதர் நிமிர்ந்து நிற்க 12 அடிக் கூரை தேவைப்படும். 9 அடித் தகரக் கூரையின் கீழ் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்யும் உயரம்தான் கிடைக்கும். அதுவும் படுத்துச் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

வாங்கும்போது ஐரோப்பாவின் ஈ.என். 1493 தரம், அல்லது அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹொயிஸ்ட் வாங்குவதானால் வடத்தில் அறுந்த இழை, பூட்டுப் பற்களில் தேய்மானம், தூணில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய ஆங்கர் போல்ட்டை மறுபடி பாவிக்கக் கூடாது.

கரண்டும் குளிரும்

நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், ஒற்றைக் கட்டம் (சிங்கிள் ஃபேஸ்). அதற்கான மோட்டாரைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய கராஜ்களில் இருப்பது மூன்று கட்ட மோட்டாராக இருக்கலாம். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் வேண்டும். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் வோல்ட் இறங்கும். அப்போது மோட்டார் சுற்றாமல் உறுமும், சூடாகும். உடனே சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய் குளிரில் தடிக்கும். கையேடு அனுமதித்தால் 32 என்ற எண்ணுள்ள ஹைட்ரோலிக் ஒயில் நம் குளிருக்கு ஏற்றது. மூடுபனி ஈரத்தில் வடத்துக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். கிரீஸ் பூசி வையுங்கள்.

முதல் சாண்

வாகனத்தின் கதவுக்குக் கீழ் விளிம்பில் ஜெக் வைக்க அடையாளம் இருக்கும். ஹைலக்ஸ், பழைய லேண்ட் ரோவர் போன்றவற்றில் சேஸியில் (அடிச்சட்டத்தில்) பிடிக்க வேண்டும். கதவுக்குக் கீழ் இருக்கும் அந்த விளிம்பு துருப்பிடித்து உதிர்கிறதென்றால் ஹொயிஸ்டில் ஏற்றவே வேண்டாம். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் பட்டரியின் மேலும் ஆரஞ்சு நிற வயரின் மேலும் ஹொயிஸ்டின் கை படக் கூடாது.

நான்கு கையும் தொட்டதும் ஒரு சாண் மட்டும் தூக்குங்கள். நிறுத்துங்கள். பம்பரில் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். நான்கு கையையும் சுற்றி வந்து மறுபடி பாருங்கள். விழப்போகிற வாகனம் மேலே போய் விழுவதைவிட இந்த உயரத்தில் விழுவது எவ்வளவோ மேல். பிறகு மேலே கொண்டுபோய்ப் பூட்டில் உட்கார வையுங்கள். கியர்பொக்ஸ், எஞ்சின் போன்ற பாரமான பாகத்தைக் கழற்றினால் எடை மறுபக்கம் சாயும். கொழுந்துக் கூடை நிறைய நிறைய அக்காமார் முன்னால் குனிந்து நடப்பது ஏன் என்று யோசித்தால் புரியும். பாகத்தைக் கழற்றும் முன்பே, எடை சாயப்போகும் பக்கம் ஒரு முட்டு கொடுத்துவிடுங்கள்.

இறக்கும்போது முதலில் கொஞ்சம் தூக்க வேண்டும். பூட்டின் மேல் இருக்கும் பாரம் எழும்பினால்தான் பல் விலகும். எனவே கரண்ட் போனால் வாகனம் மேலேயே இருக்கும், வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பூட்டைத் தட்டி விலக்கப் பார்க்காதீர்கள்.

கொட்டகலை அண்ணனின் வேன் அந்த முதல் சாண் எழும்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து, ஹொயிஸ்டைக் கராஜின் பின்பக்கம், மேட்டை ஒட்டிய வெட்டு நிலத்துக்குத் தள்ளச் சொன்னார். பழைய தரையை உடைத்து, கெட்டி மண் வரும்வரை தோண்டி, கம்பி கட்டிப் புதுக் கொங்கிரீட் போட்டு இன்றோடு 19 நாள். ஹொயிஸ்ட் பெட்டியிலேயே சுவரோரம் நிற்கிறது. முதல் வாரம் முழுக்கக் காலையும் மாலையும் சாக்கை நனைத்தது அவருடைய மகள்தான்.